ஏரித் திட்டில் ஒரு சிவப்புப் புடவை

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம், அந்தக் கிராமத்துக்கு ஓர் ஏரி. ஏரியின் நடுவே இருந்த மண் திட்டில் நான் நான்கு மாதம் குடியிருந்தேன். வாடகை கிடையாது, அக்கம்பக்கத்துச் சண்டை கிடையாது, நாலு பக்கமும் தண்ணீர். இதைச் சொன்னால் என் மருமகன் மரியாதைக்காகத் தலையாட்டுவார். நம்புவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் அப்போது இன்று போலத் தொழிற்சாலைகள் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் தகர டிரம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அதில்தான் எனக்கு வேலை. செய்து முடித்த டிரம்முக்குள் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டை கண்டுபிடிக்கிற உத்தியோகம். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. போய், குழந்தையின் சுண்டு விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். கிளம்பும்போது மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: நீங்கள் வீடு பாருங்கள், பிறகு பெண்ணை அனுப்புகிறேன், தை பிறந்தும் வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிடுங்கள். 

சரி என்று வீடு தேடினேன். ஏரிக்கரைக்குக் கீழே இட்லிக் கடை வைத்திருந்த அக்காவுக்குப் பின்கட்டு ஒன்று காலியாக இருந்தது. போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடும்பத்தக் கூட்டிக்கினு வா, வூடு தர்றேன். தனி ஆம்பளைக்கெல்லாம் நான் வுடறதில்ல."

அங்கே வீடு இருந்தால்தான் பெண்டாட்டி, இங்கே பெண்டாட்டி இருந்தால்தான் வீடு. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனால் பேசி வைத்துக்கொண்டது போல என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள். அதுவரை கம்பெனி பக்கத்தில் ஒரு அறையில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகப் படுத்திருந்தேன். அந்த அறைக்கும் மெஸ் சாப்பாட்டுக்குமே சம்பளம் கரைந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் வீட்டுக்கு முன்பணம் எங்கே சேர்ப்பது?

அறையில் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரர் திருநெல்வேலிக்காரர். கல்யாணமாகாதவர், நல்ல சமையல்காரர், வாய் கொஞ்சம் நீளம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏரிக்குக் குளிக்கப் போனோம். தண்ணீர் வற்றிக் கிடந்தது. கணுக்கால் ஆழத்தில் நடந்தே நடுத்திட்டுக்குப் போய்விட்டோம். ஒரு கல்யாணக் கூடம் அளவுக்கு இடம், இரண்டு பனைமரம், ஒரு கருவேலமரம், ஜிலுஜிலு என்று காற்று. நெல்லைக்காரர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

"இங்கனயே கெடந்துரலாம் போல இருக்குடே" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு இருவரும் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டோம்.

சும்மா குடியேறிவிடவில்லை. அனுமதி கேட்டுத்தான் வந்தோம். ஏரியின் மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவரை அங்கே நீர்க்கட்டி என்பார்கள். அந்த ஊர் நீர்க்கட்டிக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, எப்போதும் எதையோ பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார். அவர் மூன்று நிபந்தனை போட்டார். மரத்தை வெட்டக் கூடாது. வெளிக்குப் போவதென்றால் கரைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்றாவது, திட்டின் விளிம்பில், உச்சி இரண்டாகப் பிரிந்து கவை வைத்த ஒரு மூங்கில் கழி நட்டிருந்தது, அதைக் காட்டிச் சொன்னார்: 

"அதுல மட்டும் உன் கோமணம் கீமணம் எதுவும் தொங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததை எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கோ அது ஏதோ சாமி சமாசாரம் என்று கேட்காமலேயே புரிந்துவிட்டது. கழிக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிய சரிவில், கோடு கோடாகச் செதுக்கிய ஒரு கல் வேறு இருந்தது. நீர்க்கட்டி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து அந்தக் கல்லின் முன்னால் குனிந்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் தினமும் கல்லுக்குக் குங்குமம் வைத்து, ஏரிக்கரையில் பறித்த ஆவாரம்பூவைச் சாற்றினேன். அதைப் பார்த்த நீர்க்கட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பரவால்லியே டிரம்மு, பொட்டெல்லாம் வெச்சிகீற" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு டிரம்மு என்றே பெயர்.

அந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. லாரி ஷெட்டில் கெஞ்சி வாங்கிய பழைய தார்ப்பாய்தான் கூரை. மூன்று கல் அடுப்பு. பனைமட்டையும் கருவேல முள்ளும் விறகு. தூண்டில் போட்டால் கெண்டையோ குறவையோ நிச்சயம். நெல்லைக்காரர் புளியைக் கரைத்து வைக்கிற குழம்பில் கரையோரம் போகிற மாட்டுக்காரர்கள்கூட நின்று மோந்துவிட்டுப் போவார்கள். சைக்கிள்கள் இட்லிக் கடையோரம் நிற்கும். டூட்டி விட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வீடு திரும்புவோம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தவிர வேறு செலவே இல்லை. முன்பணம் டிரங்குப் பெட்டியின் அடியில் மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது.

மனைவிக்கு நான் எழுதிய கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல காற்றோட்டமான இடம், தண்ணீருக்குக் குறையே இல்லை, பக்கத்து வீட்டுத் தொந்தரவு கிடையாது என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு ஏதோ பங்களா என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் ஏன் நாங்களும் வந்து இருக்கக் கூடாது என்று பதில் எழுதினாள். அதற்கு என்ன பதில் எழுதினேன் என்பது இப்போது நினைவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. நாங்கள் நடந்து வந்த வழி முழங்காலாகி, இடுப்பாகி, ஆளை மூழ்கடிக்கிற ஆழமாகிவிட்டது. மேடு என்று குடிவந்த இடம் தீவாகிப் போனது. சூப்பர்வைசரைக் கேட்டு, ஓட்டை டிரம் இரண்டை வாங்கி வந்து, தார் காய்ச்சி அடைத்து, மேலே பலகை கட்டித் தெப்பம் செய்தேன். நான் போட்ட சாக்பீஸ் வட்டம் அதில் அப்படியே இருந்தது. நெல்லைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஏறாமல் நின்றார்.

"நீயே ஓட்டைன்னு தள்ளுன டிரம்ல என்னைய ஏத்துறியேடே" என்றார். 

ஆனாலும் ஏறினார். வேறு வழியில்லை, டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் போய்வந்த ஒரு சக தொழிலாளி மூலம் மனைவி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே அவளுடைய பழைய நூல் புடவை. நல்ல சிவப்பு. கூடவே ஒரு சீட்டு: மழைக்குப் போர்த்திக்கொள்ளுங்கள், பாப்பாவைத் தூளியில் போட்ட புடவை, துவைக்காமல்தான் அனுப்புகிறேன். பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். பால் வாசம். நெல்லைக்காரர் அன்று ஒன்றும் கிண்டல் செய்யாமல் அடுப்பு ஊதப் போய்விட்டார். அவர் செய்த பேருதவிகளில் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று வார மழையில் பால் வாசமெல்லாம் போய், புடவை பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு காலை வானம் வெளுத்து, சுள்ளென்று வெயில் அடித்தது. மனசே இல்லாமல் புடவையைத் துவைத்தேன். கொடிக் கயிற்றில் நெல்லைக்காரரின் காக்கிச் சட்டைகளும் கால்சட்டைகளும் இடம் பிடித்திருந்தன. கருவேல முள்ளில் போட்டால் கிழியும். தரையில் சேறு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்த மூங்கில் கழிதான் கம்பீரமாக நின்றது.

யோசிக்காமல் செய்யவில்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கோமணம் தொங்கக் கூடாது என்றார், சரி. என் குழந்தை படுத்த புடவை, அதுவும் துவைத்தது, எப்படித் தீட்டாகும்? சாமிக்கே சாத்தலாம். ஒரு முனையைக் கவையில் மாட்டிக் கட்டினேன். காற்றில் புடவை விரிந்து ஏரிக்கு மேலே படபடவென்று பறந்தது. பார்க்க அவ்வளவு அழகு. நின்று ரசித்துவிட்டு, விரால் மீன் உரசிக்கொண்டிருந்த நெல்லைக்காரருக்கு உதவப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் பறை ஒலி கேட்டது. நிமிர்ந்தால், ஏரிக்கரையை நோக்கி மூன்று பக்கத்திலிருந்தும் ஜனங்கள் ஓடி வருகிறார்கள். ஆண், பெண், எல்லார் தலையிலும் கூடை. கரைமேல் கூட்டம் சேரச் சேர, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள். ஏரித் திருவிழா போலிருக்கிறது, நம்மையும் மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். நெல்லைக்காரர் மீனை மூடிவைத்தார். திருவிழாவுக்குப் போகிறோமே என்று நான் தலைசீவி, பவுடர் பூசி, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தெப்பத்தில் ஏறினேன்.

கரையில் இறங்கினதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யார் முகத்திலும் திருவிழா இல்லை. ஒருவர் பாதி முகம் சவரத்தோடு, மறுபாதி சோப்பு நுரை காய்ந்துபோய் நின்றார். இட்லிக் கடை அக்கா முழங்கை வரை மாவோடு மூச்சிரைக்க நின்றார். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்களாம். மாப்பிள்ளைப் பையன் பட்டுச் சட்டையோடு தலையில் மண்கூடை வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவே நீர்க்கட்டி. ஊர்ப் பெரியதனக்காரர் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெல்ல விசாரித்தேன்.

விஷயம் இதுதான். திட்டில் இருந்த கல் சாமியில்லை. ஏரி நிரம்புகிற அளவைக் காட்டுகிற கல். நீர்க்கட்டி குனிந்து தொட்டுப் பார்த்தது தண்ணீர் எந்தக் கோடு வரை வந்திருக்கிறது என்று. மேல் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கரைக்கு ஆபத்து. உடனே அவர் அந்தக் கழியில் சிவப்புத் துணி ஏற்றுவார். ஏரி நடுவில் ஏற்றினால்தான் கரையைச் சுற்றியுள்ள மூன்று ஊருக்கும் தெரியும். துணியைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு கூடை மண்ணோடு கரைக்கு ஓடி வர வேண்டும். அதுதான் அந்த ஏரியின் கட்டுப்பாடு. 

பெரியதனக்காரர் கேட்டுக்கொண்டிருந்தது, கல்லில் இரண்டு கோடு இன்னும் பாக்கியிருக்கும்போது துணி எப்படி ஏறியது என்று. நீர்க்கட்டி தான் ஏற்றவில்லை என்றார். நீ ஏற்றாமல் ஏரியா ஏற்றியது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். குடித்துவிட்டு ஏற்றியிருப்பான் என்றார் இன்னொருவர். நீர்க்கட்டி குடிக்காதவர். முகம் சுண்டிப்போய், கண்ணைச் சுருக்கித் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தார்ப்பாய் கழியை மறைத்திருந்தது. கரையிலிருந்து பார்த்தால் சிவப்பாகப் பறப்பது மட்டும்தான் தெரிந்தது, எதில் கட்டியிருக்கிறது, யார் கட்டியது என்றெல்லாம் தெரியாது.

பெரியதனக்காரர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வாட்டி பொய்யா ஏறிச்சின்னா, நெஜமா ஏறும்போது ஒருத்தனும் வர மாட்டான். அப்பால மூணு ஊரும் தண்ணில போவும். தையோட நீ வேலைய வுட்டுடு, வேற ஆளு பாத்துக்கறோம்."

நீர்க்கட்டிக்கு வாழ்க்கையே அந்த ஏரிதான். இடுப்பில் சொருகியிருந்த மதகுச் சாவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் வாய் உடனே திறக்கவில்லை. சொன்னால் இன்றைக்கே திட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். மறுபடி அந்த அறை, அந்த மெஸ், பெட்டியடியில் இருப்பதும் கரையும், தை வந்துவிடும், வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். குழந்தையின் சுண்டு விரல் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. காற்றில் எங்கிருந்தோ பறந்து வந்து மாட்டியது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நெல்லைக்காரர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுடர் பூசின முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்த கோலத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தாங்க கட்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "அவரு ஏத்தல. அது என் பொஞ்சாதி பொடவை. தொவைச்சிக் காயப் போட்டேன்."

நாலா பக்கமும் கத்தல். மூட்டையைத் தூக்கித் தண்ணீரில் போடு என்றார் ஒருவர். கம்பெனிக்குப் போய்ச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் விட நீர்க்கட்டி என் பக்கம் திரும்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கழில ஒண்ணும் தொங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"கோமணம்தான் தொங்கக் கூடாதுன்னு சொன்னே. இது கொழந்த படுத்த பொடவை. சாமிக் கழில கட்னா தப்பில்லன்னு நெனச்சேன்."

"சாமிக் கழியா?" நீர்க்கட்டி வாயைப் பிளந்தார். "அப்ப அந்தக் கல்லுக்கு நீ பொட்டு வெச்சது?"

"அதுவும் சாமின்னுதான்."

பாதிச் சவரக்காரர்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், நுரை காய்ந்த பக்கம் வலித்துக்கொண்டு சிரித்தார். அளவுக்கல்லுக்குப் பூ வைத்தானாம் என்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குக் கரை முழுக்கப் போயிற்று. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த பையனும் கூடை ஆடச் சிரித்தார். இட்லிக் கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உனக்குக் குழந்தை வேறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னேன்.

பெரியதனக்காரர் கையைத் தூக்கினதும் கூட்டம் அடங்கியது. நீர்க்கட்டி மேல் தப்பில்லை, சாவி அவரிடமே இருக்கட்டும் என்றார். ஏரிக்கென்று தூக்கின மண் திரும்பி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கமாம். கலங்கல் பக்கம், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடத்துக்குப் பக்கத்தில், கரை ஓரிடத்தில் இறங்கிப்போய்க் கிடந்தது. கோடையிலிருந்தே அதை உயர்த்த வேண்டும் என்று பேச்சு. உங்கள் ஊர் முறை, எங்கள் ஊர் முறை என்று மூன்று ஊரும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். இன்று மூன்று ஊரும் கூடையோடு நிற்கிறது. வாங்க, அங்கே கொட்டலாம் என்று அவர் முன்னால் நடந்துவிட்டார்.

கரையில் நின்று வீட்டுப் பெயரைக் கூப்பிடுவது நீர்க்கட்டியின் வேலை. ஆள் பெயர் சொல்ல மாட்டார், வீட்டைத்தான் கூப்பிடுவார். கெணத்தடி வூடு, புளியமரத்து வூடு, மேட்டு வூடு, கோடி வூடு. கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆள் "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்து, மண்ணைக் கொட்டிவிட்டு நகர்வார். வராத வீடு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நானும் நெல்லைக்காரரும் ஓரமாக, திருட்டுப் பூனை போல ஒதுங்கி நின்றோம். எல்லா வீடும் முடிந்தது. நீர்க்கட்டி மண்ணைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமலேயே கூப்பிட்டார்.

"திட்டு வூடு."

எனக்குப் புரியவே இல்லை. மறுபடி, கொஞ்சம் எரிச்சலோடு கூப்பிட்டார். நெல்லைக்காரர் முழங்கையால் என் விலாவில் இடித்தார். "ஏல, நம்மளத்தான்டே" என்றார். 

"வந்துட்டேன்" என்றேன்.

"மண்ணு எங்க?"

பாதிச் சவரக்காரர் தன் கூடையைக் காலியாக்கி என் கையில் கொடுத்தார். அன்று உச்சிவெயில் தாண்டும் வரை நாங்கள் இருவரும் மண் சுமந்தோம். வீட்டுக்கு ஒரு கூடை என்பது மற்றவர்களுக்கு. நாங்கள் எத்தனை என்று எண்ணவே இல்லை. நல்ல சட்டை நாசமாகிப் போனது. விராலைக் காக்கை தின்றுவிட்டது. இட்லிக் கடை அக்கா சொம்பு நிறையக் கூழ் ஊற்றிக் கொடுத்தார், ஊறுகாய் மிளகாயும் கொடுத்தார். அவ்வளவு ருசியான சாப்பாடு நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

பிற்பகல் நீர்க்கட்டி எங்கள் தெப்பத்திலேயே திட்டுக்கு வந்து புடவையை இறக்கினார். உதறி, மடித்து, கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன்னிடம் இருக்கிற சிவப்புத் துணி வெளுத்து, எலி கடித்துப் போயிருக்கிறது, ஏற்றினால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை, உன் புடவையைப் பார்த்து மூன்று ஊரும் ஒரே நேரத்தில் ஓடி வந்துவிட்டதே என்றார். கேட்கக் கூச்சப்பட்டார். எனக்கும் கொடுக்க மனசில்லை. பிறகு, துவைத்தாகிவிட்டது, வாசம் போய்விட்டது, இனி அது புடவைதானே என்று கொடுத்துவிட்டேன். நிஜமாகத் துணி ஏறும்போது மறுபேச்சுப் பேசாமல் திட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் அது நிஜமாகவே ஏறியது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை நீர்க்கட்டி நீந்தி வந்தார். நான் குங்குமம் வைத்த மேல் கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது. தார்ப்பாயைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்களுக்குப் பின்னால் என் மனைவியின் புடவை மழையில் நனைந்துகொண்டே பறந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் மூன்று ஊரும் வந்தது. பொய்யாக ஏறிய துணியை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. திட்டு வூடு என்று கூப்பிட்டபோது திட்டில் பாதி தண்ணீருக்குள் போயிருந்தது. "வந்துட்டேன்" என்று கூடையைக் கொட்டினேன். கலங்கல் பக்கம், நாங்கள் உயர்த்திய இடத்தில், ஒரு சாணுக்குக் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. கரை தாங்கியது. பெரியதனக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

கரையில் மூட்டையோடு நனைந்துகொண்டு நின்ற எங்களை இட்லிக் கடை அக்கா கூப்பிட்டார். பின்கட்டுக் கதவைத் திறந்து விட்டார். தனி ஆளுக்கு வீடு தருவதில்லை என்றீர்களே என்று கேட்டேன்.

"ஊரே உன்ன வூடுன்னு கூப்டுது. நான் மட்டும் இல்லன்னா ஆவுமா? பொண்ணையும் புள்ளையையும் எப்போ இட்டுக்கினு வர?"

தை பிறந்ததும் மனைவி குழந்தையோடு வந்து இறங்கினாள். கடிதத்தில் எழுதிய காற்றோட்டமான வீடு எங்கே என்று கேட்டாள். ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் நடுவில் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சிரித்துவிட்டாள். மழை ஓய்ந்த பிறகு நீர்க்கட்டி புடவையை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தார். அது பின்கட்டில் மறுபடி தூளியானது. அடுத்த ஐப்பசியில் வாசலில் வந்து நின்று கேட்டார், கொடுத்தோம். தையில் திரும்பி வந்தது. இப்படி அந்தப் புடவை நைந்து போகும் வரை நாலைந்து வருஷம் ஏரிக்கும் எங்கள் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. நெல்லைக்காரர் பக்கத்திலேயே ஓர் அறை பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்போது நான் இருப்பது குன்றத்தூரில், சொந்த வீட்டில். கதவு எண், பெயர்ப் பலகை, வரி ரசீது எல்லாம் இருக்கிறது. என் பெண் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ் தினமும் அந்த ஏரிக்கரை வழியாகத்தான் போகிறதாம். அந்த ஊர்க் கல்யாணங்களுக்குப் போனால் இன்றும் அவளைத் திட்டு வூட்டுப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள், அவள் ஒருநாளும் அந்தத் திட்டில் கால் வைத்ததில்லை என்றாலும். ஓட்டை எங்கே என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு, தப்புச் செய்தவனை ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும் என்று காட்டிய ஊர் அது. மழை வலுத்துப் பெய்கிற நாட்களில் இன்றும் நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன், யாராவது கூப்பிட்டால் "வந்துட்டேன்" என்று சொல்ல ஆள் இருக்க வேண்டுமே என்று.